உள்ளே விடுவது என் வேலை

சனிக்கிழமை இரவு எட்டு மணி.
இஸ்திரிப் பலகைமேல் மடிக்கணினி,
அதற்கு முட்டுக்கொடுக்க இரண்டு அகராதிகள்.
ஈசூனில் பதினோராம் மாடி.
கீழே விளையாட்டுத் திடலைச் சுற்றிச்
சிவப்பு வெள்ளை நாடா.
சறுக்குமரத்தில் மைனாக்கள் மட்டும்
ஏறி இறங்குகின்றன.

பேசுவது என் வேலையல்ல.
காத்திருப்பறையில் வந்து நிற்கும் பெயர்களை
ஒவ்வொன்றாக உள்ளே விடுவது.
போன வாரம் யாரோ நுழைந்து
திரை முழுதும் கிறுக்கிவிட்டுப் போனதால்
தெரிந்த பெயரென்றால் மட்டும்
விடச் சொல்லியிருக்கிறார்கள்.

தவமணி. சரி.
லூர்துராஜ், குடும்பத்துடன். சரி.
ஜொகூரில் மாட்டிக்கொண்ட ஷாகுல். சரி.
ரெட்மி 8ஏ.

ரெட்மி 8ஏ நிற்கிறது.
கதிரொளி அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.
செயிண்ட் ஜான்ஸ் தீவு, தடுப்பு முகாம்,
நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவர்களை
இறக்கிவைத்து, துணிகளை அவித்து,
காய்ச்சல் இல்லையென்று தெரிந்த பின்
இந்தக் கரைக்கு விட்ட கதை.
கறுப்பு வெள்ளைப் படமொன்றில்
நீளமான கொட்டகை. வாசலில் ஒருவர்,
கையில் பேரேடு, முகம் கலங்கலாக.
படத்தில் அவர் மட்டும்தான் அசைந்திருக்கிறார்.

விட்டுவிட்டேன்.

வந்ததும் ஒரே இரைச்சல்.
தட்டு விழும் சத்தம், யார் யாரோ இருமல்,
ஒலிபெருக்கியில் வெப்பநிலை பார்த்துக்கொள்ளச் சொல்லி
மொழி மாற்றி மொழி மாற்றி ஒரு குரல்.
"யாருங்க அது, ஒலிய அணைங்க" என்றார் லூர்துராஜ்.
நானே அணைத்தேன்.
அதுவும் என் வேலைதான்.

பிறகு விவாதம்.
தடுத்துவைத்தது கொடுமையா, முன்யோசனையா?
ஊரைக் காக்க வேறென்ன வழி என்றார் தவமணி.
எந்த ஊரை, யாரிடமிருந்து என்றார் ஷாகுல்.
லூர்துராஜ் ஒரு புள்ளிவிவரத்துக்காகக்
கண்ணாடியைத் தேடி எழுந்து போனார்;
ஐந்து நிமிடம் அவருடைய நாற்காலி
கூட்டத்தில் கலந்துகொண்டது.
எல்லாரும் நன்றாகவே பேசினார்கள்.
பொங்கோல் என்று யாரும் சொல்லவில்லை.
சுங்கை காடுட் என்று யாரும் சொல்லவில்லை.
அன்றைய எண்ணிக்கை மாலையிலேயே
எல்லார் கைபேசிக்கும் வந்திருந்தது.

முப்பத்தேழாம் நிமிடம்
ரெட்மியின் கட்டத்தில் மஞ்சளாய் ஒரு சின்னக் கை.

"ஐயா, ஒரு கேள்வி.
அங்க அவங்களுக்குச் சாப்பாடு என்ன குடுத்தாங்க?
அவங்களே பொங்கிக்கிட்டாங்களா,
இல்ல பொட்டலமா வந்துச்சா?"

கதிரொளி தாள்களைப் புரட்டினார்.
பன்னிரண்டு வருட ஆய்வு.
கப்பல்களின் பெயர் தெரியும்,
எந்த வருடம் பேதி, எந்த வருடம் அம்மை,
எத்தனை பேர் கரைசேரவில்லை, எல்லாம் தெரியும்.
"நல்ல கேள்வி" என்றார்.
இன்னொரு முறையும் அதையே சொன்னார்.
"இங்க எங்களுக்கு..." என்று தொடங்கிய குரலின்மேல்
நாற்பது நிமிடம் முடிந்து விழுந்தது.
இலவசக் கணக்கு. சந்தா கட்டுவதா வேண்டாமா என்று
இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மறுபடி இணைப்பு அனுப்பி, மறுபடி
ஒவ்வொருவராக உள்ளே விட்டேன்.
பதினெட்டுப் பேர் போனோம்.
பதினேழு பேர் திரும்பினோம்.

ஒன்பது நாள் கழித்துக் கதிரொளி எழுதியிருந்தார்.
பழைய அறிக்கையொன்றின் பின்னிணைப்பில் அகப்பட்டதாம்:
அரிசி, பருப்பு, கருவாடு, புளி.
கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து பொங்கியிருக்கிறார்கள்.
விறகு ஈரமென்று
யாரோ புகார் கொடுத்த குறிப்பும் இருக்கிறது;
கொடுத்தவர் பெயர் இல்லை.
"அந்தத் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள்."
தம்பி என்று இவருக்கு எப்படித் தெரியும்?
பெறுநர் என்ற கட்டத்தில்
கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

இப்போதெல்லாம் ஏழே முக்காலுக்கே திறந்துவைக்கிறேன்.
நேற்று ஓர் ஓப்போ வந்து நின்றது. விட்டேன்.
இன்னும் யாரும் வரவில்லை.
"சாப்பாடு பற்றிக் கேட்டது நீங்களா?" என்றேன்.

"இல்லக்கா, அவன் வேற ப்ளாக்.
என்ன பதில் வந்துச்சு?"

ஈர விறகிலிருந்து தொடங்கினேன்.